முகவரி வழுவும் தொகுப்பானின் எச்சரிக்கையும்

தமிழாசிரியர் கணினி மொழியைப் பற்றி எழுதப் புகுவது இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், மொழி என்று பெயர்கொண்ட யாவும் சொல்லும் பொருளும் இயையும் முறைமைக்கு உட்பட்டனவே. சி என்னும் கணினி மொழியில் ஒரு முகவரியை அச்சிட முயலும்போது தொகுப்பான் தருகின்ற எச்சரிக்கை, நாம் வகுப்பறையில் நாள்தோறும் கற்பிக்கும் வழு என்னும் இலக்கணப் பகுதிக்கு மிக நெருங்கிய உறவினது. அந்த எச்சரிக்கையைப் பொருளுணர்ந்து வாசிக்கும் பழக்கம் எம் மாணாக்கரிடம் போதிய அளவு இல்லை என்பதும், அக்குறையை நீக்கும் கடமை கணினி ஆசிரியர்க்கு மட்டுமன்றி மொழியாசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் உண்டு என்பதும் எமது கருத்து.

க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்வோர் பைதன் மொழியைத் தமிழிற் கற்கின்றனர். பைதன் இனிய மொழி. ஆனால் பொருள் நினைவகத்தில் எங்கே தங்கியிருக்கிறது என்பதை அது மாணவனுக்கு உணர்த்துவதில்லை. அவனே பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ பொறியியல் கற்கச் சென்றதும் சி மொழி எதிர்ப்படுகிறது. பாடமும் ஆங்கிலம், பாடநூலும் ஆங்கிலம், திரையில் எழும் எச்சரிக்கையும் ஆங்கிலம். விடுமுறைக்கு மாத்தளை வரும் மாணவரிடம் இது பற்றி வினவினால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: “அது வெறும் வோர்னிங்தானே சேர், புரோகிராம் ஓடுகிறது.” இந்த ‘வெறும்’ என்னும் அடைமொழியையே நாம் ஈண்டு ஆராய விழைகின்றோம்.

முதலில் முகவரி என்பது யாது எனக் காண்போம். நினைவகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடமுண்டு. அவ்விடத்துக்கு ஓர் எண்ணுண்டு. அவ்வெண்ணே முகவரி. முகவரியைத் தன்னகத்தே கொண்டிருக்கும் மாறியைச் சுட்டி என்பர். (எமது நாட்டுப் பாடநூல்களில் சுட்டி என்பது மேசைமேல் ஓடும் மவுசையும் குறித்து வருதலின் மாணவர் மயங்குகின்றனர். அதுவன்று இது. அ, இ, உ என்பன தாம் பொருளாகாது பொருளைச் சுட்டி நிற்றலினாற் சுட்டெழுத்து எனப் பெயர் பெற்றன அல்லவா? அந்தச் சுட்டே இச்சுட்டி.) வீடு வேறு, வீட்டின் முகவரி வேறு என்பதை மலைநாட்டவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. லயக் காம்பராவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கும். ஆயினும் தனி இலக்கம் இன்மையாற் கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியே வந்து சேர்ந்த நிலையைப் பல தோட்டங்களிற் கண்டோம். வீடு இருந்தது, முகவரி இருக்கவில்லை. முகவரி தனியொரு பொருள் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனி எச்சரிக்கைக்கு வருவோம். ஒரு மாணவன் ‘வயது’ என்னும் முழுவெண் மாறி ஒன்றை அமைத்து, அதன் முகவரியை ஒரு சுட்டியில் இட்டு, அம்முகவரியை அறிய விரும்பிப் பிரின்ட்எப் என்னும் அச்சிடும் செயற்கூற்றை அழைக்கிறான். அச்சிட வேண்டிய வடிவத்தை விழுக்காட்டுக் குறியோடு ஓர் எழுத்தைச் சேர்த்து உணர்த்துதல் அம்மொழியின் மரபு. முழுவெண்ணுக்கு அவன் நன்கு பழகிய எழுத்து ‘டி’. ஆதலின் ‘%டி’ என எழுதுகிறான். ஜிசிசி என்னும் தொகுப்பான் உடனே கூறுவதைத் தமிழிற் பெயர்த்தால் இவ்வாறு அமையும்: ‘%டி’ என்னும் வடிவம் ‘இன்ட்’ வகையினதாகிய பொருளை எதிர்பார்க்கின்றது, ஆனால் 2ஆம் உறுப்போ ‘இன்ட் ஸ்டார்’ வகையினது.

இவ்வாக்கியத்தை அமைதியாக நோக்குக. இதிற் கடுஞ்சொல் ஒன்றுமில்லை. எதிர்பார்க்கப்பட்டது யாது, தரப்பட்டது யாது, எத்தனையாம் இடத்தில் என்னும் மூன்று செய்திகளே உள்ளன. ‘இன்ட் ஸ்டார்’ என்பதில் உள்ள உடுக்குறி, முழுவெண்ணன்று, முழுவெண் இருக்கும் இடத்தின் முகவரி என்பதை உணர்த்துவது. “பசு வந்தான்” என்று எழுதிய மாணவனிடம், “வந்தான் என்னும் பயனிலை உயர்திணை ஆண்பால் எழுவாயை வேண்டும், நீ தந்ததோ அஃறிணை” என்று நாம் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? நன்னூலார் வழுவைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாக வகுத்தார். தொகுப்பான் காட்டுவது திணைவழு. இலக்கணம் கற்ற மாணவனுக்கு இது புதிய பாடமே அன்று. பழைய பாடம் புதிய உடையில் வந்துள்ளது. ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சி அதனை அவன் வாசியாது விடுகிறான் என்பதே எமது மனக்குறை.

“தவறென்று தெரிந்தபின் தொகுப்பானே திருத்திக் கொள்ளலாகாதா?” என்பர். ஆகாமைக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான செயற்கூறுகளில் எந்த இடத்தில் எவ்வகைப் பொருள் வரும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருக்கும். அறிவிப்பு இருப்பின், தக்கவிடத்துத் தொகுப்பான் ஒரு வகையை மற்றொரு வகையாக மாற்றிக் கொடுக்கும். பிரின்ட்எப் அத்தகையது அன்று. அதன் முதலுறுப்பு மட்டும் வரையறுக்கப்பட்டது. அதன்பின் எத்தனை பொருளும் எவ்வகைப் பொருளும் வரலாம் என வாயில் திறந்து விடப்பட்டுள்ளது. சிறு எண்களை இன்ட் ஆக்குவதும் ‘புளோட்’ என்பதை ‘டபிள்’ ஆக்குவதும் ஆகிய ஓரிரு மாற்றங்களே அவ்வாயிலில் நிகழும். வடிவக் குறி என்ன சொல்கிறதோ அதை நம்பியே பிரின்ட்எப் பொருளை எடுக்கும். குறி பொய்யுரைப்பின் விளைவு இன்னது என்று சி மொழியின் தரநூல் வரையறுக்கவில்லை. எச்சரிக்கை தரவேண்டும் என்று தொகுப்பானைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஜிசிசி வடிவத் தொடரைத் தானே படித்துப் பார்த்து இவ்வழுவைச் சொல்லுதல் ஆணையின்பாற்பட்டது அன்று, உதவியின்பாற்பட்டது. கேளாமற் கிடைத்த உதவியை எம்மவர் உபத்திரவம் என்று கருதுகின்றனர்.

நேரும் கேடு யாது? இக்காலத்து 64 பிற் கணினிகளிற் சுட்டிக்கு 8 பைற்று இடம் வேண்டும். இன்ட் வகைக்கோ பெரும்பாலும் 4 பைற்றே. எட்டை நான்கில் அடக்கினால் எஞ்சியது எங்கே போகும்? இதனை மாத்தளை வழக்கிலே விளக்குவோம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துச் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இம்மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்கள் தமிழகம் சென்றன. நீலகிரியிற் குடியமர்ந்தோர் பலர். அவர்க்குக் கடிதம் எழுதுவோர் எமது ஊரில் இன்றும் உளர். எமது நாட்டு அஞ்சற் குறியீடு ஐந்து இலக்கம், மாத்தளைக்கு 21000. இந்தியாவில் 1972 முதல் வழங்கும் அஞ்சற் குறியீடோ ஆறு இலக்கம், உதகமண்டலத்துக்கு 643001. ஐந்து கட்டங்கள் மட்டும் அச்சிட்ட உறையில் இதனை வலப்புறம் இருந்து நிரப்பினால் 43001 என நிற்கும். உதிர்ந்த 6 ஏதோ ஓர் இலக்கம் அன்று. தென்னகத்து அஞ்சல் வலயத்தையே குறிக்கும் தலையிலக்கம் அது. எஞ்சிய ஐந்தும் பிழையற்ற இலக்கங்கள். முகவரி மட்டும் பிழை.

64 பிற் லினக்ஸ் கணினியில் ‘%டி’ அல்லது ‘%எக்ஸ்’ கொண்டு முகவரியை அச்சிடின் வழக்கமாக நிகழ்வது இதுவே. கீழ்ப்பாதி மட்டும் தோன்றும். மேற்பாதி சொல்லாமல் மறையும். சில வேளை எதிர்க்குறியுடன் ஓர் எண் வரும். வீட்டு இலக்கம் எதிர்க்குறி பெற்ற வீதியை யாரும் கண்டதில்லை. ஆயினும் மாணவன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகிறான். புரோகிராம் ஓடியது அல்லவா!

இப்பழக்கம் வந்த வழியையும் சொல்லுதல் நேர்மையாகும். 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் டெனிஸ் ரிச்சி பெல் ஆய்வுகூடத்தில் இம்மொழியை வளர்த்தெடுத்த பிடிபி-11 என்னும் கணினியில் முழுவெண்ணும் 16 பிற். முகவரியும் 16 பிற். இரண்டும் ஒரே அளவின ஆதலின் ஒன்றன் குறியால் மற்றொன்றை அச்சிட்டாலும் இலக்கம் சிதையவில்லை. கேர்னிகனும் ரிச்சியும் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் முதற் பதிப்பில் முகவரிக்கெனத் தனிக்குறியே கிடையாது. 1989ஆம் ஆண்டு அமெரிக்கத் தரநூல் வந்தபோதுதான் ‘%பி’ என்னும் குறி முறைப்படி இடம்பெற்றது. பின்னர் வந்த 32 பிற் கணினிகளிலும் அளவுகள் பெரும்பாலும் ஒத்தே இருந்தமையால் பழைய வழக்கம் பிழைத்துக்கொண்டது. 64 பிற் காலத்தில் முகவரி வளர்ந்தது, இன்ட் வளரவில்லை. மூத்தோர் எழுதிய பழைய குறிப்புகளைப் பார்த்துப் படிக்கும் மாணவன், காலம் கடந்த வழக்கினை இலக்கணம் என்று எண்ணிவிடுகிறான். பழைய மாணவர் தம் தம்பியர்க்குக் குறிப்பேடு வழங்கும்போது இதனைக் கருத்திற் கொள்வாராக.

திருத்தும் முறை எளிது. ‘%பி’ என்று எழுதி, சுட்டியை ‘வொய்ட் ஸ்டார்’ வகையாக வெளிப்படையாக மாற்றிக் கொடுத்தல் வேண்டும். ‘%பி’ மட்டும் எழுதினாற் போதாதா எனின், நாம் வழங்கும் கணினிகளிற் போதும் போலவே தோன்றும். ஜிசிசியும் அதற்குச் சாதாரணமாக ஒன்றும் சொல்லாது. மிக நுணுக்கமாகப் பார்க்கும்படி ‘பெடான்டிக்’ என்னும் விருப்பினைக் கொடுத்தாலன்றி அதன் வாய் திறவாது. இருப்பினும் தரநூலின்படி ‘%பி’ வேண்டுவது வொய்ட் ஸ்டார் ஒன்றையே. எல்லாச் சுட்டிகளும் ஒரே வடிவின என்று அம்மொழி உறுதி கூறவில்லை. டேட்டா ஜெனரல் நிறுவனத்து எக்ளிப்ஸ் எம்வி கணினிகளில் சொல்லைச் சுட்டுவதற்கு ஒரு வடிவும் பைற்றைச் சுட்டுவதற்கு வேறொரு வடிவும் இருந்தன. அத்தகைய இடத்தில் மாற்றாது கொடுத்தாற் பிழையே விளையும்.

‘%பி’ கொண்டு அச்சிட்ட முகவரி ஒவ்வொரு முறையும் வேறுபட்டு வருதல் கண்டு சிலர் தாம் தவறு செய்துவிட்டதாக மயங்குவர். பாதுகாப்புக் கருதி இயக்க முறைமை ஒவ்வோர் ஓட்டத்திலும் இடத்தை மாற்றி அமைக்கின்றது. அது வழு அன்று.

எச்சரிக்கையைக் கேட்பதற்கும் அடக்குவதற்கும் உள்ள வேற்றுமைதான் எமது உரையின் உயிர்நிலை. மாணவர் செய்வது என்ன? சுட்டியை இன்ட் ஆக மாற்றி ‘%டி’க்குப் பொருத்தி விடுகின்றனர். முதல் எச்சரிக்கை மறையும். ‘அளவு வேறுபட்ட முழுவெண்ணாகச் சுட்டி மாற்றப்படுகின்றது’ என மற்றொன்று எழும். உடனே லோங் என்று மாற்றிக் குறியையும் ‘%எல்டி’ ஆக்குவர். லினக்ஸில் லோங் 8 பைற்று ஆதலின் எல்லாம் அடங்கிவிடும்; அதே நிரலை 64 பிற் விண்டோசுக்குக் கொண்டு செல்க, அங்கே லோங் 4 பைற்று! மீண்டும் தலையிலக்கம் உதிரும். முகவரியை எண்ணாகவே கையாள வேண்டிய தேவை உண்மையில் இருப்பின், 1999ஆம் ஆண்டுத் தரநூல் அதற்கென ‘யுஇன்ட்பிடிஆர்’ என்னும் வகையை ஏற்படுத்தித் தந்துள்ளது. தேவையில்லாதவன் அதனை நாட வேண்டுவதில்லை.

தமிழிலக்கணத்தில் வழு என்றும் வழுவமைதி என்றும் இரண்டு உண்டு. வீட்டுப் பசுவை உவப்பினால் “என் மகள் வந்தாள்” என்று ஒருவர் சொன்னால் இலக்கணி அதனை ஏற்பார். ஏனெனிற் சொன்னவர்க்குத் திணை தெரியும், தெரிந்தே மீறுகிறார், மீறியதற்குக் காரணமும் உண்டு. காரணமின்றித் தொகுப்பானின் வாயை அடைப்பதற்காகச் செய்யும் வகைமாற்றம் வழுவமைதி ஆகாது. அது வழுவுக்கு இட்ட முகமூடி. முன்னையதினும் கொடியது, முன்னையதைச் சுட்டிக்காட்டவாவது ஒருவர் இருந்தார்.

எச்சரிக்கையிற் கூறப்படும் யோசனையையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. ஜிசிசியின் அண்மைய பதிப்புகள் ‘%டி’க்கு நேர் கீழே ஒரு மாற்றுக் குறியை எழுதிக் காட்டும். இன்ட் ஸ்டார் கொடுத்த மாணவனுக்கு லினக்ஸில் அது காட்டும் மாற்று ‘%பி’ அன்று, ‘%எல்எஸ்’! அகல எழுத்துகளால் ஆகிய தொடரை அச்சிடும் குறி அது. அங்கே அகல எழுத்து வகையும் இன்ட் வகையும் ஒன்றாயிருத்தலின் தொகுப்பான் வகையை மட்டும் பொருத்திப் பார்த்து இவ்யோசனையைச் சொல்கிறது. அதன்படி எழுதினால் எச்சரிக்கை போய்விடும்; முகவரிக்குப் பதிலாக அவ்விடத்திலுள்ள எண்ணை எழுத்தென்று கொண்டு அச்சிடப் புகுந்து தாறுமாறாகும். “பசு வந்தான்” என்பதைத் திருத்தச் சொன்னால் “பசுபதி வந்தான்” என்று திருத்தினாற்போல! இயைபு சரி, சொல்ல வந்தது அதுவா? மாணவன் மனத்திலுள்ள கருத்து தொகுப்பானுக்குத் தெரியாது.

அடக்குதலால் உலகளாவிய தீங்கு நேர்ந்த வரலாறும் உண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறையீட்டு மென்பொருளைச் சோதித்தபோது, தொகுப்பானன்றி வால்கிரைண்ட் என்னும் வேறொரு சோதனைக் கருவி, தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுகின்றது என முறையிட்டது. 2006ஆம் ஆண்டு அம்முறையீடு எழாதபடி நிரலில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. செய்தவர் கெடுநோக்கம் உடையவர் அல்லர். ஆனால் அவ்வரிகளுள் ஒன்று, ஊகிக்க முடியாத எண்களை உருவாக்குவதற்கு வேண்டிய கலவையைச் சேர்க்கும் வரி. அது போனபின் எஞ்சியது நிரலோட்டத்தின் அடையாள எண் ஒன்றே. அதற்கு 32,768க்கு மேற்பட்ட மதிப்புகள் இல்லை. இரண்டாண்டுகள் சென்று 2008 மே மாதம் 13ஆம் நாள் இக்குறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குள் டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் உருவாக்கப்பட்ட சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கன ஆகிவிட்டன. அவற்றையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. கருவி உரைத்ததும் பொய்யன்று. அதனை நிறுத்த விரும்பியதும் குற்றமன்று. உரைத்தது எவ்வரியைப் பற்றி, ஏன் என்று முற்ற உணராமல் நிறுத்தியதே இடராயிற்று.

கொழும்பில் மென்பொருள் நிறுவனங்களிற் பணிபுரியும் பழைய மாணவர் சிலர் இவ்விடத்து மறுப்புரைப்பர் என்பதை அறிவோம். பெரிய நிரல்களில் எச்சரிக்கைகள் ஆயிரக்கணக்கில் வரும், யாவற்றையும் ஆறியிருந்து வாசிக்க ஒழிவேது என்பர். எச்சரிக்கை யாவற்றையும் பிழையாகக் கருதி நிறுத்திவிடும் விருப்பு ஒன்று உண்டே, அதனை இட்டாற் போதும் என்று வேறு சிலர் கூறுவர். பட்டறிவு மிக்க பணியிடத்துக்கு அது தகும். முதலாண்டு மாணவனுக்கு அதனைப் பரிந்துரைக்க எமக்கு உடன்பாடில்லை. நிரல் ஓடவேண்டும் என்னும் அவசரத்தில் அவன் கைக்கு அகப்பட்ட வகைமாற்றத்தை இட்டு வாயிலைத் திறக்கவே கற்பான். அவனுக்கு வேண்டுவது தண்டனை அன்று, வாசிப்பு. ‘டபிள்யூ-ஆல்’ என்னும் விருப்பினை இடுதல் மட்டும் முதல்நாள் தொட்டே பழக்கமாதல் நன்று. அஃதின்றேல் ஜிசிசி, வழங்கலுக்கு ஏற்ப, இவ்வழுவைச் சொல்லாமலே விட்டுவிடுதலும் கூடும். (‘ஆல்’ என்று பெயரிருப்பினும் அதில் எல்லா எச்சரிக்கைகளும் அடங்கா. பெயர்வைத்தார் பிழை, நாம் என் செய்வோம்!)

விழாக்காலங்களிற் பழைய மாணவர் கல்லூரிக்குக் கணினிகள் வழங்குதல் போற்றத்தக்கது. ஆயினும் இயந்திரத்தினும் அரிதாய் இருப்பது அதன் முன்னமர்ந்து ஒரு வாக்கியத்தைப் பொறுமையோடு வாசித்துக் காட்டும் மனிதரே. எமது விண்ணப்பம் சிறிது. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு பழைய மாணவர், ஓர் எச்சரிக்கை. அதன் ஆங்கில வாசகத்தைக் கரும்பலகையில் முழுமையாக எழுதுதல் வேண்டும். எழுவாய் எது, பயனிலை எது எனப் பிரித்தல் வேண்டும். தமிழிற் பெயர்த்தல் வேண்டும். அதன்பின்னரே நிரலைத் தொடுதல் வேண்டும். அப்போது கணினி ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே அறையில் இருத்தல் நலம். உயர்தர மாணவர்க்குச் சி மொழி பாடத்திட்டத்தில் இல்லையே எனின், எச்சரிக்கையை வாசிக்கும் பழக்கத்துக்குப் பாடத்திட்டம் வேண்டுவதில்லை. பைதன் தரும் பிழைச் செய்திகளிலேயே தொடங்கலாம்.

இவ்வாறு விளக்கம் பெற்றவற்றைத் தனித்தனித் தாளில் எழுதிக் கணினி அறைச் சுவரில் ஒட்டலாம். முகவரி பற்றிய இம்முதல் தாளை எழுதித் தர நாம் ஆயத்தமாக உள்ளோம்: மேலே ஆங்கில வாசகம், அதன்கீழ்த் தமிழ், அதன்கீழ்ப் பிழையான வரியும் திருத்திய வரியும், ஓரத்தில் ஐந்து கட்டம் கொண்ட ஓர் அஞ்சலுறை. இரண்டாம் தாள் எந்த எச்சரிக்கையைப் பற்றியதாக இருத்தல் வேண்டும் என்பதைப் பழைய மாணவர், தத்தம் பணியிடத்தில் அடிக்கடி காண்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, நிரலின் அவ்வரியோடு கல்லூரிக்கு எழுதி அறிவிப்பாராக.